மெல்பேணில் மறித்த ஓலைப்பெட்டி

2012 ஓகஸ்ட், செவ்வாய் இரவு

மெல்பேண் சுங்கத்தில் பெட்டியை மறித்து வைத்திருக்கிறார்கள். காலையில் அங்கிருக்கும் என் சிநேகிதன் நேசனே போனில் சொன்னான். உள்ளே ஒரு பிடி நெல் இருந்ததாம். விதை, தானியம் எதையும் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்களாம்.

"மச்சான், நான் இஞ்ச வயலே விதைக்கிறன்?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மனைவிக்கு நான் பரிசாக அனுப்பிய பனையோலைப் பெட்டி அது. நல்லபடி வந்து சேர்ந்தால், சிநேகிதிகளுக்குக் கொடுக்க இன்னும் இருபது எடுப்பதாக அவர் சொல்லியிருந்தார்.

பின்னேரம் மன்னார்ப் பக்கம் நானாட்டானுக்குப் போனேன். பெட்டியை இழைத்தவள் செல்வி. தமிழ்நாட்டு அகதி முகாமில் பழகிய வேலை. பிள்ளைகளுடன் அவள் முதலில் திரும்பிவிட்டாள். இங்கே பிழைக்க வழி உண்டென்று தெரிந்தால்தான் வருவேன் என்று கணவன் அங்கேயே நிற்கிறான்.

"பெட்டிக்குள்ள நெல் போட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. வெறும் பெட்டியை ஆரும் குடுப்பினமே? நல்ல நெல்லாப் பாத்துத்தான் போட்டனான். ஏன், அங்க ஏதும் சொன்னவையோ?"

"இன்னும் கைக்குப் போய்ச் சேரேல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லவும் இல்லை.

"அப்ப சேந்திடும். வியாழக்கிழமை அவருக்குப் போன் எடுக்கேக்க இருபது பெட்டிக் கதையைச் சொல்லி, வெளிக்கிட்டு வாங்கோ எண்டு சொல்லப்போறன்."

பொறுங்கோ என்று சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் எதைச் சொல்வது? நெல்லை எடுத்துவிட்டுப் பெட்டியைக் கொடுப்பார்களா, இரண்டையும் சேர்த்து எரிப்பார்களா என்பது முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமைதான் தெரியுமாம்.