மூன்றாம் கவுண்டரின் இடது கண்

மார்ச் 4
மின்சார அலுவலகப் புகார் கவுண்டரில் இன்று பதினோரு பேர். மீட்டர் ஓடவில்லை, மீட்டர் பேயாய் ஓடுகிறது, கம்பி தொங்குகிறது. ஒன்றைக்கூட நான் தீர்க்கவில்லை. ஆனாலும் எல்லோரும் திருப்தியாகப் போனார்கள். காரணம் என் இடது கண். அது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். கடைசியாக வந்த பெரியவர் கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாகக் கைக்குட்டையை நீட்டி, "விடுங்க தம்பி, கரண்ட் வரும்போது வரட்டும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

மார்ச் 11
கண் டாக்டரம்மா கீழிமை ஓரத்துச் சிறு துளையில் உப்புநீரைச் செலுத்தினார். "தொண்டையில உப்புக் கரிக்குதா?" இல்லை. எல்லாம் கன்னத்தில் வழிந்தது. கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாயில் அடைப்பாம். மூக்கெலும்பில் புதுவழி திறக்க வேண்டுமாம்.

"வீட்டுல வேற யாருக்காவது?"

"அப்பாவுக்கும் கண் கலங்கும். ஆனா அவர் இளகின மனசு டாக்டர், அதனால—"

"எந்தக் கண்ணு?"

இடது. 

"குறுகலான குழாய் சில குடும்பத்துல வழிவழியா வரும். பழைய போட்டோ இருந்தா கொண்டு வாங்க."

மார்ச் 12
பதினேழு போட்டோ. எல்லாவற்றிலும் அப்பாவின் இடது கன்னம் மட்டும் பளபள.

அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? அவளை முதன்முதலில் பார்க்க வந்த அன்று அப்பா கண் கலங்கினாராம். "கண்ணு கலங்குற ஆம்பளை கை நீட்ட மாட்டான்னு சரின்னுட்டேன்" என்பாள். அப்பா போய் ஆறு வருடம். இன்னும் இதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்காருவாள். அதைப் போய் அடைப்பு என்று நான் சொல்வதா? செத்தாலும் மாட்டேன்.

மார்ச் 20
ஆபரேஷனுக்கு மேலாளர் லீவு தர மறுக்கிறார். "மேலிடம் வரைக்கும் புகார் போகாத ஒரே கவுண்டர் உங்களுதுதான். அந்தக் கண்ணாலதான் ஆபீஸே ஓடுது!" கெஞ்சியதில் இரண்டு வாரம் கிடைத்தது. என் இடத்துக்கு வருபவருக்கு ஒரு பாட்டில் கிளிசரின் வேண்டும் என்று ஃபைலில் எழுதியிருக்கிறார்.

ஏப்ரல் 2
முடிந்தது. மூக்கு நிறையப் பஞ்சு. புதுவழி மூடிவிடாதபடி உள்ளே நூல் போல ஒரு சிலிக்கான் குழாய்.

ஏப்ரல் 16
வேலைக்குத் திரும்பினேன். கன்னம் காய்ந்து கிடக்கிறது. மதியத்துக்குள் என் மேல் நான்கு புகார். ஒருவர் 'கல்நெஞ்சக்காரர்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

ஜூன் 27
குழாயை எடுத்துவிட்டார்கள். துணைக்கு வருகிறேன் என்று அம்மா பிடிவாதமாக வந்திருந்தாள். டாக்டரம்மா கண்ணில் உப்புநீர் விட்டார். தொண்டையில் கரித்தது. "பாஸாயிட்டீங்க!" என்றவர் அம்மா பக்கம் திரும்பி, "இவங்க அப்பாவுக்கும் இதே அடைப்புதாம்மா" என்று போட்டு உடைத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"தெரியும் டாக்டர்" என்றாள் அம்மா.

வெளியே வந்ததும் கேட்டேன், "எப்பம்மா தெரியும்?"

"கல்யாணமாகி மூணாம் நாளே. பல்லு தேய்க்கும்போதும் அழுதாருடா மனுஷன்."

"அப்புறம் ஏன் ஊரெல்லாம் இளகின மனசுன்னு—"

"நீ பொறந்தன்னைக்கு உன்னைக் கையில வாங்கினாரு. வலது கண்ணுலயும் வந்துச்சு."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். தொண்டையில் மறுபடி உப்புக் கரித்தது. புதுவழி நன்றாகவே வேலை செய்கிறது.