காலித் தகட்டில் தெரிந்த வெளிச்சம்

கான்பரா,
ஜனவரி 14

அன்புள்ள பிரையனிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் மலைப்பக்கம் மறுபடி காடு பற்றிக்கொண்டு ஊரெல்லாம் புகை, அப்பாவுக்கு இருமல் ஓயவில்லை, ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துண்டு திணித்து வைத்திருக்கிறேன். கோபன்ஹேகன் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மாதக் கடைசியில் உன் படிகத்தை வைத்துத் தொடங்கும் கம்பெனிக்குக் கையெழுத்து என்று நீ சொன்னதிலிருந்து அப்பா தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்கிறார். அதனாலேயே கீழே எழுதியிருப்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நம் ஆய்வகத்து வழக்கம் உனக்குத் தெரியுமே, படிகத்தில் அணு விடுபட்ட இடம் ஒன்று ஒவ்வோர் ஒளித்துகளாக உமிழ்வதைக் கண்டுபிடித்தவர் எல்லோருக்கும் லாமிங்டன் கேக் வாங்கித்தர வேண்டும். உன் மேசையில் இப்போது உட்காரும் டங்கன் திங்கட்கிழமை பெட்டி நிறைய வாங்கிவந்து, ரெண்டு டிடெக்டரும் ஒரு தடவகூட ஒண்ணா அடிக்கல ரோவீனா, ஒவ்வொரு துகளாத்தான் வருது, உங்க பொண்ணோடத விட சுத்தம், எடுத்துக்குங்க என்றான். ஒரு கடி கடித்துவிட்டுத்தான் மைக்ராஸ்கோப்பில் இருந்த தகட்டைப் பார்த்தேன். அதில் படிகமே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் படிகத்தோடு சேர்த்து உலையில் வைக்கும் வெறும் சிலிக்கன் தகடு. சொன்னதும் டங்கன் சிரித்தான், கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பை நிறுத்திவிட்டான். காலித் தகடுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தோம். குளிர்காலத்தில் உலையில் வைத்தவை கும்மிருட்டு. போன புகைக்கோடையில் வைத்தவற்றில் எங்கு பார்த்தாலும் புள்ளிகள், உன்னுடையவற்றின் அதே நிறம். புகை ஃபில்டரைத் தாண்டி வந்து தகட்டில் படிந்து உலையில் கரியாகியிருக்க வேண்டும், அந்தக் கரித்துணுக்குகள் உன் படிகம் போலவே நடிக்கின்றன. நீ படிகம் சுட்டதும் அந்தக் கோடையில்தான். எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு. டங்கன் வேறு, பிரையனிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா, ரொம்ப நாள் மூடி வைக்க முடியாதுங்க என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

போனில் சொன்னால் சண்டை போடுவாய். என் பேச்சை நம்பமாட்டாய், உன் கருவியை நம்புவாய். அதனால் இந்தக் கடிதத்தோடு அந்தக் கோடையில் வைத்த காலித் தகடு ஒன்றும் அனுப்பியிருக்கிறேன், உன் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார். இருட்டாக இருந்தால் என்னை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கையெழுத்துப் போடு. வெளிச்சம் தெரிந்தால் பேனாவைத் தொடாதே, வேறு யாராவது சொல்வதற்குள் நீயே கம்பெனிக்குப் பணம் போடுகிறவர்களிடம் சொல்லிவிடு.

எது வந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் மகளே. கையுறை போட்டுத் தகட்டின் உறையைப் பிரி, மறக்காதே.

உன் அம்மா,
ரோவீனா

பி.கு: மிச்ச லாமிங்டனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் கம்பெனிக்காக வாங்கியது என்று நினைத்து அப்பா இருமிக்கொண்டே அத்தனையும் தின்றுவிட்டார்.