ஏவுகணையின் மூடி

அன்புக் கண்ணுக்கு,

உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை நீதான் எழுத வேண்டும், தொலைபேசியில் "ம், இருக்கேன்" என்று முனகுவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. சனிக்கிழமை உங்கள் படைப்பிரிவின் ஆண்டு விழாவில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "அன்னிக்கும் விளக்கு பச்சையாத்தான் எரிஞ்சுது சார்." மேடையில் நின்ற உங்கள் தளபதியிடம் சொல்லியிருக்க வேண்டியது, தொண்டை வரை வந்ததைத் தண்ணீர் குடித்து உள்ளே அனுப்பிவிட்டேன்.

நாலு புத்தகம் படிப்பவள் என்று படையின் வரலாற்றை என்னிடம்தானே எழுதச் சொன்னார்கள், சுமை தூக்கிய கழுதையில் தொடங்கி பீரங்கிக்கு மாறி ஏவுகணைக்கு வந்த கதை முழுவதும் எழுதிக் கொடுத்தேன். விழா மலரில் கழுதைகளுக்கு இரண்டு பக்கம், முதல் ஏவுகணைக்கு ஒரே வரி, "குறைந்த தூரத்தில் வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது." அவர்கள் வெட்டியது இதுதான், அப்பாவை நண்பர்கள் ஏன் மூடிக்காரர் என்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்தாயே, அதற்கும் பதில் இதில் இருக்கிறது. ஏவுகணையின் முனையில், அது இலக்கைப் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே சிவப்பு நாடா தொங்க ஒரு மூடி, நீங்கள் தினம் கழற்றுகிற அதே மூடிதான். பீரங்கியிலிருந்து வந்தவர்களுக்குக் குண்டுக்குக் கண் உண்டு என்பதே புதுப் பழக்கம். முதல் சுடுதலன்று பெரிய மனிதர்கள் வெயிலில் காத்திருக்கிறார்கள், அவன் கழற்றியிருப்பான் என்று இவனும் இவன் கழற்றியிருப்பான் என்று அவனும் நினைக்க, எல்லாம் தயார் என்று விளக்கு பச்சை காட்ட, உன் அப்பா பொத்தானை அழுத்திவிட்டார். கண்ணைக் கட்டிவிட்ட ஏவுகணை வானத்தில் ஒரு வட்டம் போட்டு, விருந்தினர்களுக்காகத் தகரத்தில் கட்டியிருந்த கழிப்பறையைத் தேடிப்பிடித்து விழுந்தது. வெடிமருந்து இல்லாத பயிற்சி ஏவுகணை, கழிப்பறைக்கு மட்டும் வீரமரணம். ஆனால் அப்போதுதான் அதிலிருந்து வெளியே வந்த அப்பாவின் பழைய சகா ஓட்டுநர் மாமாவுக்கு அந்தச் சத்தத்தில் போன வலக்காது திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு வந்ததுதான், கழற்றியவர் மூடியைச் சுடுபவர் கையில் கொடுப்பதும், அது கைக்கு வராமல் பொத்தானைத் தொடாமலிருப்பதும்.

சனிக்கிழமை தளபதி என்ன சொன்னார் தெரியுமா, எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், பச்சை விளக்கு போதும், மூடியைக் கையில் வாங்கும் சடங்கு அடுத்த மாதச் சுடுதலிலிருந்து கிடையாது என்றார். அடுத்த மாதம் அந்தப் பொத்தானில் இருக்கப்போவது உன் விரல். எல்லோரும் கைதட்டினார்கள், ஓட்டுநர் மாமா மட்டும் "என்னய்யா சொல்றாரு?" என்று மண்டபம் அதிரக் கேட்டார். உன் அப்பா அவருடைய இடக்காதில் "உன் காது வீணாப் போச்சுங்கறாரு" என்றார், அதுவும் மண்டபத்துக்கே கேட்டது. வாசலில் காட்சிக்கு நிறுத்திய ஏவுகணையோடு படம் எடுக்க எல்லோரும் கூடியபோது, படியேற மாட்டேன் என்று வீட்டில் அழிச்சாட்டியம் செய்யும் மனிதர் பீடத்தில் ஏறி மூடியைக் கழற்றி, "பிடிங்க சார்" என்று தளபதியின் கையில் வைத்துவிட்டு இறங்கினார். அதை எங்கே வைப்பது என்று தளபதிக்குத் தெரியவில்லை, எல்லாப் படத்திலும் சாப்பிட்ட தட்டைக் கழுவ இடம் தேடுகிறவர் போல நிற்கிறார். "தொலைச்சிடாதீங்க சார்" என்று ஓட்டுநர் மாமா வேறு கத்தினார். காரில் ஏறும்போதும் அது அவர் கையில்தான் இருந்தது.

ஈரச் சாக்ஸோடு திரியாதே, வேளைக்குச் சாப்பிடு. மேலதிகாரி சொல்வதைக் கேள், கேட்பதற்கு இரண்டு காதும் வேண்டும் என்பதையும் மறக்காதே. உன் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டாலும் நமக்குள் பதினோரு வயதுதான் வித்தியாசம், ஆசி சொல்ல என் வயது போதாதென்றால் உன் அப்பாவின் வயதையும் சேர்த்துக்கொள். நல்லபடியாக இரு.

உன் சித்தி

பி.கு.: திங்கட்கிழமை தளபதியின் கார் ஓட்டும் சிப்பாய் மூடியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். உன் அப்பா வாங்கவில்லை, "சுடுறவ கையில குடுக்கச் சொல்லுங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். பழைய முறையே தொடரும் என்ற தளபதியின் உத்தரவோடு மூடி நேற்று உன் முகாமுக்குப் புறப்பட்ட வண்டியில் ஏறியது.