வாசலில் பிடித்த தட்டி

அன்புள்ள அக்கா,

நம் தம்பிக்காக ஊரார் ஏன் இரங்க வேண்டும் என்று அத்தான் கேட்டதாகவும், பதில் சொல்ல வாய் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். எனக்கும் பதில் தெரியாது. கல்லூரியில் வரலாறு நடத்துகிறவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடாதே. இதே கேள்வியைப் பொருளாதாரப் பேராசிரியர் ஆசிரியர் அறையில் வைத்துக் கேட்டார். "சம்பளம் வாங்கினவன் ஆபத்தையும் சேர்த்துத்தானே மேடம் வாங்கினான்?" வேறு யாருடைய தம்பியாக இருந்தாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

இங்கே மற்றபடி நலம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீ அனுப்பிய களிம்பு வாசனைக்கு மட்டும் நன்றாக இருக்கிறது. தம்பி அறை ஜன்னலில் கொக்கி உடைந்திருந்தது. சரிசெய்ய வந்த தச்சர், அறையை வாடகைக்கு விடுகிறீர்களா என்று கேட்டார். ஆள் வருவான் என்றேன்.

போரில் அவனைப் பிடித்தவர்கள் வெளியிட்ட அந்த வீடியோவை நீ பார்க்கவில்லை என்கிறாய். நான் பார்த்தேன். அவனைச் சுவரோரம் உட்காரவைத்திருக்கிறார்கள். தாடி வளர்ந்திருக்கிறது, இடது கையில் கட்டு. எதற்கு வந்தாய் என்று கேட்கிறார்கள். "சண்டை போடத்தான் வந்தேன். சம்பளத்துக்கு. யாரும் என்னை ஏமாத்தல" என்கிறான். பிறகு மோவாயைத் தூக்கி, "இப்ப என்ன?" என்கிறான். எதிர்வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு அப்பா முன்னால் நின்றானே, அதே மோவாய், அதே "இப்ப என்ன?" அடித்துச் சொல்லவைத்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். அடித்தால் அவன் வாயே திறக்கமாட்டான் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

அவன் ராணுவத்திலிருந்து வந்தபின் வங்கி வாசலில் காவலுக்கு நின்றதையும், பிறகு வெளிநாட்டுப் போருக்கு ஆள் அனுப்பும் அந்தத் தனியார் நிறுவனத்தில் சேர்ந்ததையும் நீ வறுமை என்று சொல்லிக்கொள்கிறாய். முதல் ஒப்பந்தம் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். இது மூன்றாவது. அக்கா, அவனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நாம் இரண்டு பேராவது சொல்லிக்கொள்ள வேண்டும்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். பிடிபட்டவர்களின் குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, திங்கள்தோறும் வெளியுறவு அலுவலக வாசலில் படத்தட்டிகளோடு நிற்கிறோம். குழுவுக்குச் செயலாளர் நம் தெரு முனை மருந்துக்கடைக்காரர். அவருடைய மருமகனும் அங்கேதான் இருக்கிறான். வேறு வேலை என்று ஏமாற்றப்பட்டுப் போனவர்களுக்காக மட்டுமே பேசுவோம், தெரிந்தே போனவர்கள் விஷயம் தனி என்று அரசாங்கம் அறிவித்தது. அறிவித்த மறுவாரமே தட்டிகளில் இருந்தவர்களில் பாதிப்பேர் சமையல்காரர்கள், மீதிப்பேர் ஓட்டுநர்கள் ஆகிவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அங்கே போர் நடக்கவில்லை, பெரிய விருந்துக்கு ஆள் எடுத்தார்கள் என்றுதான் தோன்றும். நம்மவனும் சமையல்காரன் ஆகிவிட்டான். வெந்நீர் வைக்கப்போய்ப் பாத்திரத்தைத் தீய்த்தவன்!

அந்தக் கூட்டத்தில் ஒரு தையற்கார அம்மா வருகிறார். அவருடைய மகன் விடுதியில் சமைத்துக்கொண்டிருந்தவன். முகாமில் சமைக்க ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். போன வாரம் வாசல் காவலர் அவரைப் பார்த்து, "வாங்கம்மா, நீங்களும் சமையலா?" என்று சிரித்தார். பிறகு நிழலில் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "என் பையன் நிஜமாவே சமைக்கத்தாங்க போனான். கரண்டியோட போட்டோகூட இருக்கு. ஆனா இப்ப உங்க எல்லார் கையிலயும் கரண்டி இருக்கே." அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் என் கையிலிருந்த தட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

நாளை ஓர் அதிகாரி வெளியே வந்து எங்களைச் சந்திக்கப்போகிறார். குழுவின் சார்பில் நான் பேச வேண்டுமாம். "பேராசிரியை பேசினா மதிப்பு. ரெண்டு சொட்டுக் கண்ணீர் வந்தா இன்னும் நல்லது" என்றார் மருந்துக்கடைக்காரர். பேசுகிறேன், ஆனால் சமையல்காரன் என்று சொல்லமாட்டேன் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உண்மையச் சொல்லி அவனைக் காவு குடுக்கப் போறீங்களா மேடம்?" என்றார். அவர் சொல்வது நடந்துவிட்டால், நீ என்னை மன்னிக்கவே வேண்டாம்.

ஆனால் நான் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை அக்கா. போன வருடம் அவன் ஒரு படம் அனுப்பினான், ஞாபகமிருக்கிறதா? துப்பாக்கியோடு ஒரு தெருவில் நிற்கிறான். பின்னால் கதவு பிய்ந்த வீடு ஒன்று, படியருகே கவிழ்ந்துகிடக்கும் குழந்தைச் சைக்கிள். அவன் அதைக் கவனித்திருக்கமாட்டான். எனக்கு அவன் முகத்தைவிட அந்தச் சைக்கிள்தான் கண்ணில் நிற்கிறது. ஊரிடம் இரக்கம் இருந்தால் அந்த வீட்டுக்குப் போகட்டும். நான் கேட்பது ஆளை. கொண்டுவரட்டும், விசாரிக்கட்டும், தப்புச் செய்திருந்தால் உள்ளே வைக்கட்டும். வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கூலிக்குச் சுட்டவன் என்கிறார்கள். சரி. அந்தக் கூலியைக் கொடுத்தவர்களின் அலுவலகம் நகரத்தின் நடுவில், கண்ணாடிக் கதவும் செடித்தொட்டியுமாக இருக்கிறது. அங்கே போய் யாரும் காறித் துப்பக் காணோம். நம் வீட்டுச் சுவரில்தான் எழுதிவிட்டுப் போகிறார்கள். நான் அதை அழிக்கவில்லை. எழுதினவர்களுக்கு எழுத்துப்பிழை இருக்கிறது, அதை மட்டும் திருத்தலாமா என்று யோசிக்கிறேன்.

நீ கோபப்படுவாய். கோபத்தோடேயே எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. அவனும் நீயும் போக எனக்கு யார் இருக்கிறார்கள்? உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானையும் கேட்டதாகச் சொல். அவன் வரும்போது திட்டுவதற்காகவாவது நாம் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை

*

திங்கள் மாலை

அக்கா, உறையை ஒட்டுவதற்கு முன் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

தட்டியில் "சமையல்காரர்" என்றிருந்த இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி, "சண்டைக்குப் போனவன். திருப்பிக் கொண்டுவாருங்கள்" என்று எழுதி எடுத்துப்போனேன். வரிசையில் எனக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தள்ளி நின்றுகொண்டார்கள். அந்த வழியே போன ஒருவர் வண்டியை நிறுத்தி, "கூலிப்படைக்காரனுக்கு அக்காவா? கூச்சமா இல்ல?" என்று கேட்டார். "அக்காதான். கூச்சமாத்தான் இருக்கு. இப்ப என்ன?" என்றேன்.

அதிகாரி வந்தார். என் தம்பி சம்பளத்துக்குச் சண்டை போடத் தெரிந்தேதான் போனான் என்றேன். தையற்கார அம்மாவைக் காட்டி, இவர் மகன் நிஜமாகவே சமையல்காரன், நான் சொல்வதில் முதலாவதை நம்பினால் இரண்டாவதையும் நம்புங்கள் என்றேன். அவர் அந்த அம்மாவைத் தனியே அழைத்து, விடுதியின் பெயரையும் அதை நடத்துகிறவரின் தொலைபேசி எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டார். என்னிடம், "உங்க தம்பி விஷயம் தனி மேடம்" என்றார். "தனின்னா அதை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் குழுவோடு நிற்க வேண்டாம் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லிவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் கோபமில்லை.

எல்லோரும் போனபிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். தையற்கார அம்மா வந்த வேலை முடிந்துவிட்டது, அவருடைய பேருந்தும் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. என் தட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கேட்டைப் பூட்டும்வரை இரண்டு பேரும் நின்றோம்.

கிளம்பும்போது, "அடுத்த வாரம் தட்டிக்குக் கம்பைக் கொஞ்சம் நீளமா போட்டுட்டு வாங்க. குனிஞ்சு பிடிச்சு இடுப்பு வலிக்குது" என்றார்.