எர்மெலிந்தா போணி செய்யாத வியாழக்கிழமைகள்

பிப்ரவரி 28, செவ்வாய்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இதை நான் மட்டும்தான் படிக்கப்போகிறேன். என்றாலும் கேட்டுவிடுவது நல்லது. இத்தனை காலம் மண்வெட்டி பிடித்த கை. பென்சிலைப் பிடித்தால் பென்சில்தான் பயப்படுகிறது. ஒரு வரி முடிப்பதற்குள் என் பெண்டாட்டி பசிஃபிகா அடுப்பை மூட்டி, கினிப்பன்றிகளுக்குப் புல் போட்டு, கோழிகளையும் அடைத்துவிட்டு வந்து, "இன்னுமா?" என்கிறாள். இன்னும்தான். என்ன அவசரம்? எழுபத்து மூன்று வயதுவரை எனக்காகக் காத்திருந்த எழுத்து, இவள் சமைத்து முடிக்கும்வரை காத்திருக்காதா?

இன்று ஒரு பெரிய காரியம் செய்தேன். வெங்காயப் பெட்டியின் மூடியைக் கழற்றி, கதவுக்கு அடித்ததில் மீந்த நீலப் பெயிண்டைப் பூசி, அது காய்ந்ததும் வெள்ளையில் எழுதினேன்: நல்ல லியோனா உருளைக்கிழங்கு. கூறு ஒரு டாலர். எவாரிஸ்தோ நாவுலா.

என் பெயர்! குவாமோத்தே சந்தையில் வேறு எந்தக் கிழங்குக்காரன் பெயர் இப்படி நிற்கிறது? மூன்று முறை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வியாழக்கிழமை எப்போது வரும்?

மார்ச் 2, வியாழன்

வயிறு எரிகிறது.

விடிந்ததிலிருந்து தூறல். எதிர்மலையே தெரியவில்லை. மூட்டைமேல் பலகையைச் சாய்த்துவைத்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றேன். தண்டவாளத்தோரம் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் எர்மெலிந்தா வந்தாள். இருபது வருடத்துக்கு மேலாக வியாழக்கிழமைதோறும் எனக்கு அவள்தான் போணி. அவள் கொடுக்கும் முதல் காசால் சிலுவை போட்டுக்கொண்டுதான் வியாபாரத்தை ஆரம்பிப்பேன். அவள் வைக்கும் லோக்ரோ சூப்புக்கு என் கிழங்கு, என் மத்தியானப் பசிக்கு அவள் சூப். அவளுக்கு நான் வாடிக்கை, எனக்கு அவள் வாடிக்கை. ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை.

"என்ன வாடிக்கை, இன்னிக்குக் கூறு எவ்வளவு?"

நான் வாயே திறக்கவில்லை. பலகையைக் காட்டினேன்.

"என்னது இது?"

"படிச்சுப் பாரு வாடிக்கை! நானே எழுதினது. சத்தமா படி, எல்லாரும் கேட்கட்டும்."

பார்த்தாள். "வெயில் கண்ணுல அடிக்குது, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"நானே சொல்றதுக்கு எதுக்கு எழுதி வச்சேன்? படி, படி!"

பலகையிலிருந்து கண்ணை எடுத்தாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நேராக எதிர்வரிசை செனாய்தாவிடம் போனாள். அந்தச் சொத்தைக் கிழங்கை வாங்கினாள்! என் கண்ணெதிரே! பேரம்கூடப் பேசவில்லை.

பொறாமை. வேறென்ன? கிழவன் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டான், அது பொறுக்கவில்லை.

மார்ச் 3, வெள்ளி

தூக்கமில்லை. செனாய்தா விற்கும் கிழங்கை மாட்டுக்குப் போட்டால் மாடு வழக்குப் போடும்.

மார்ச் 9, வியாழன்

இன்றும் வரவில்லை. வராமல் என்ன, வந்தாள், என் கிழங்குக் குவியலை உரசிக்கொண்டு போனாள், முகத்தைத் திருப்பவில்லை. நான் இருமினேன். இன்னொரு முறை இருமினேன். செனாய்தாதான் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன தாத்தா, சளியா? பலகையைக் கொஞ்சம் வேகவச்சுக் குடிங்க, சரியாப் போயிடும்."

அந்த வரிசையே சிரித்தது. அவளுக்கு இது நல்ல காலம். எர்மெலிந்தா வாங்குகிறாள் என்று பார்த்து இன்னும் இரண்டு சாப்பாட்டுக்கடைக்காரிகளும் அவள் பக்கம் போய்விட்டார்கள்.

பலகையால் விற்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். பஸ்ஸில் வந்த வெளியூர்க்காரர்கள் பார்த்தார்கள், டாலரை நீட்டினார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு சண்டை இல்லை, "என்ன இந்த விலை சொல்றே" இல்லை. கொசுறு கேட்கவில்லை. கேட்காதவன் பையில் எப்படிப் போய்க் கொசுறு போடுவது? திருட்டு மாதிரி இருக்காதா? நாள் முழுக்க நின்று எனக்கு வாய் நாறிப்போனதுதான் மிச்சம்.

மத்தியானம் அவள் கடைக்குப் போகவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்து காய்ந்த ரொட்டி தின்றேன். பார்க்கட்டும் என்று தின்றேன். அவள் பார்க்கவில்லை.

மார்ச் 10, வெள்ளி

பசிஃபிகா விசாரித்தாள். "அப்படி என்னய்யா சொன்னே அவகிட்ட?"

"ஒண்ணுமே சொல்லலை. வாயே திறக்கலை."

"அதான் பயந்துட்டா. நீ வாயை மூடிக்கிட்டு நின்னா எனக்கே பயமாத்தான் இருக்கும்."

இந்த வீட்டில் ஒருவனுக்கு நியாயம் கிடைக்காது.

மார்ச் 16, வியாழன்

இன்று போனேன். அவள் கடைக்கே போனேன். கேட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"லோக்ரோ ஒண்ணு."

"ரெண்டு டாலர். காசை முதல்ல வைங்க ஐயா."

ஐயா! வாடிக்கை போய் ஐயா! இத்தனை வருடத்தில் என்னிடம் முதலில் காசு கேட்டிருக்கிறாளா? சாப்பிட்டு, அவளோடு சண்டை போட்டு, கடைசியில் அந்த வாரக் கிழங்கில் கழித்துக்கொண்டுதானே எழுந்திருப்பேன்? வைத்தேன். எண்ணி எடுத்துக்கொண்டாள். அளந்து ஊற்றினாள். மேலே ஒரு கரண்டி இல்லை, ஒரு துண்டு பன்றித்தோல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரிக்காரனுக்கு இரண்டு துண்டு போட்டாள். நான் பார்க்கவேண்டும் என்றே போட்டாள்.

கேட்டேன். "என் கிழங்குல என்ன குறை கண்டே?"

"கிழங்குல ஒரு குறையும் இல்லை."

"அப்புறம்?"

"படிச்சவங்க கடையில எனக்கென்ன வேலை ஐயா?"

திரும்பவும் ஐயா!

படித்தது குற்றமா? விரல் வீங்க வீங்க எழுதிப் பழகினேன். சின்னப் பையன்கள் ஜன்னலில் ஏறி நின்று சிரித்தார்கள், அதையும் தாங்கிக்கொண்டேன். எதற்காக? இவளிடம் இந்தப் பேச்சு வாங்கவா? போகட்டும். செனாய்தாவும் அவளும் சேர்ந்து நாசமாய்ப் போகட்டும். இனி அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன்.

அந்தச் சொத்தைக் கிழங்கிலும் சூப் நன்றாகத்தான் வைத்திருக்கிறாள். அதுதான் இன்னும் ஆத்திரம்.

மார்ச் 18, சனி

முதியோர் வகுப்பிலிருந்து வந்தேன். தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். மெதுவாக எழுதுகிறேன்.

ஓடு சுடும் அன்செல்மோ இன்று புதிதாக வகுப்பில் சேர்ந்தான். டீச்சர் கரும்பலகையில் ஒரு வார்த்தை எழுதி, "அன்செல்மோ, இதில் தெரிந்த எழுத்து ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "வெயில் கண்ணுல அடிக்குது டீச்சர்" என்றான். அப்போது இருட்டிவிட்டிருந்தது. அறையில் ஒரே ஒரு பல்பு. நாங்கள் எல்லோரும் வெடித்துச் சிரித்தோம், அவனும் சிரித்தான். அங்கே இருப்பவர்களில் அந்தப் பொய்யைச் சொல்லாதவர் யார்? வெயில், புகை, கண்ணில் தூசி, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன். நான் வாழ்நாளெல்லாம் சொன்ன பொய். நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன்.

பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டேன்.

அன்றைக்குத் தூறல். எதிர்மலையே தெரியவில்லை. எர்மெலிந்தா கண்ணில் எந்த வெயில் அடித்தது?

அடக் கழுதை. அடக் கிழட்டுக் கழுதை! சத்தமா படின்னு சொன்னியேடா. எல்லாரும் கேட்கட்டும்னு சொன்னியேடா. அவ கடைச் சுவத்துல ஒரு எழுத்து உண்டா? இன்னிக்கு என்ன சாப்பாடுன்னு வாசல்ல நின்னு கத்தித்தானே கூப்பிடறா? வாராவாரம் போய்த் தின்னியே, உனக்குத் தெரியாதா? வேற எவனுக்குத் தெரியாட்டியும் உனக்குத் தெரிய வேண்டாமா?

மார்ச் 19, ஞாயிறு

என் கல்யாணத்துக்கு அடுத்த வருடம், நகராட்சி அலுவலகத்தில் ஒருவன் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டி, "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு" என்றான். புகை கண்ணில் பட்டுவிட்டது என்றேன். அவன் பக்கத்து மேசைக்காரனைப் பார்த்துக் கண்ணடித்தான். அவன் மீசை, சட்டைப் பொத்தான், எல்லாம் இன்றும் ஞாபகம் இருக்கிறது. செத்தாலும் மறக்காது.

இப்போது எர்மெலிந்தாவுக்கு என் மூஞ்சி அப்படி ஞாபகம் இருக்கும்.

மார்ச் 21, செவ்வாய்

நாளைக்கே பஸ் ஏறிப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று பசிஃபிகாவிடம் சொன்னேன். கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னன்னு கேட்பே? உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, மன்னிச்சுக்கோன்னா?"

"வேற எப்படிக் கேட்கிறது?"

"அதையும் சத்தமா கேளு. எல்லாரும் கேட்கட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் வெளியே போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டேன். அவள் சொல்வது சரி என்பதால் வந்த கோபம். மறைத்து வைத்திருப்பதை நான் கண்டுகொண்டேன் என்று தெரிந்தால் இனி என்னை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். எனக்குத் தெரிந்ததே அவளுக்குத் தெரியக்கூடாது. அப்படியானால் என்னதான் செய்வது?

மார்ச் 23, வியாழன்

செய்துவிட்டேன். காது இன்னும் சூடாக இருக்கிறது.

பலகையை வழக்கம்போல் சாய்த்துவைத்தேன். எர்மெலிந்தா செனாய்தாவின் கூறுக்கு முன்னால் குனிந்து கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். செனாய்தாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"தாத்தா, உங்க பலகை இன்னிக்கு என்ன சொல்லுது?"

எழுந்து நின்றேன். பலகையைக் கையில் எடுத்தேன். கிட்டே வைத்துப் பார்த்தேன், தள்ளி வைத்துப் பார்த்தேன். சந்தைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"தெரியலை."

"என்னது?"

"என்ன எழுதினேன்னு எனக்கே படிக்க வரலைம்மா. இது டாலரா தவளையான்னே தெரியலை."

"ஆறு மாசம் படிச்சீங்களே!"

"படிச்சேன். மண்டையில நிக்கலை. பார்த்துப் பார்த்து வரைஞ்சேன், அவ்வளவுதான். யாராவது விலை கேட்டா வாயால சொல்லத்தான் எனக்கு வரும்."

செனாய்தா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். வெங்காயக்காரன், கோழிக்காரி, மூட்டை தூக்குகிறவர்கள், எல்லோரும் சிரித்தார்கள். "ஆறு மாசம் பெஞ்சைத் தேய்ச்சதுதான் மிச்சம்!" என்று ஒருவன் கத்தினான். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெரியும்! தலைகீழாக வைத்தாலும் படிப்பேன்! பொறுத்துக்கொண்டு பலகையைச் சேற்றில் குப்புறப் போட்டு, அதன்மேல் மூட்டையை இறக்கினேன். என் பெயர் அடியில் இருந்தது.

எர்மெலிந்தா சிரிக்கவில்லை. அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மூட்டைக் கயிற்றை அவிழ்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். மறுபடி பார்த்தபோது, பொறுக்கிய கிழங்கைச் செனாய்தாவின் குவியலிலேயே போட்டுவிட்டு வெறுங்கூடையோடு போய்க்கொண்டிருந்தாள். என்னிடமும் வாங்கவில்லை.

கிழங்கில்லாமல் இன்று என்ன சூப் வைத்தாளோ. போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

செனாய்தாவை மன்னிக்கமாட்டேன். தவளை என்று நான்தான் சொன்னேன், இருந்தாலும் மன்னிக்கமாட்டேன்.

மார்ச் 24, வெள்ளி

கினிப்பன்றிகள் அடுப்படியைவிட்டு ஓடாமல் இருக்கப் பசிஃபிகா என் பலகையை எடுத்துக் குறுக்கே வைத்துவிட்டாள். என் பெயரில் பாதியைக் கொறித்துவிட்டன. இன்று அவளோடு பேச்சில்லை.

மார்ச் 30, வியாழன்

இவளெல்லாம் ஒரு மனுஷியா?

விடிவதற்கு முன்னாலேயே எர்மெலிந்தா வந்து நின்றாள். நான் இன்னும் மூட்டையைப் பிரிக்கவில்லை, தொப்பியைக்கூடச் சரியாக வைக்கவில்லை.

"எவ்வளவு?"

"ஒண்ணேகால்."

"ஒண்ணேகாலா! இந்தத் தண்ணிக் கிழங்குக்கா? பாலூத்தியா வளர்த்தீங்க?"

"வேண்டாம்னா செனாய்தாகிட்ட போ."

"போனேனே! மூணு வாரம் போனேனே! என் கடையில சாப்பிட்டவன் பாதிப்பேர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடினான்!"

இதைச் செனாய்தா காதில் விழவேண்டும் என்றே கத்தினாள். விழுந்தது. எதிர்வரிசையிலிருந்து அவள் எங்கள் இரண்டு பேரின் வம்சத்தையும் இழுத்தாள். எர்மெலிந்தா திரும்பிக்கூடப் பார்க்காமல், "எண்பது சென்ட்" என்றாள். எண்பதாம்! என் தோலை உரித்துக் கொண்டுபோ என்றேன். அதைவெச்சு ஒரு செருப்புகூடத் தைக்க முடியாது என்றாள். கடைசியில் ஒரு டாலரில் வந்து நின்றது. நின்றதா? கொசுறு என்று இரண்டு கையாலும் அள்ளினாள். அப்புறம் பக்கத்துக் கூறிலிருந்து அள்ளினாள். அப்புறம் ஏப்ரனை விரித்துப் பிடித்துக்கொண்டு, "வாடிக்கைக்கு இவ்வளவுதானா மனசு?" என்றாள். பட்டப்பகல் கொள்ளை. அவள் காசால் சிலுவை போட்டபோது கோபத்தில் நெற்றியைக் குத்திக்கொண்டேன்.

மத்தியானம் சூப்பைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைத்து என் நாக்கைச் சுட்டுவிட்டாள். உள்ளங்கை அகலத்துக்குப் பன்றித்தோல். எனக்குப் பல் எங்கே இருக்கிறது? தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டு, கிழங்கு கரையவே இல்லை, விறகுதான் வீண் என்று லாரிக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தண்ணிக் கிழங்காம்! என் லியோனாவையா! சுட்ட நாக்கோடு நான் என்ன பதில் சொல்வேன்? இப்போது வருகிறது பதில், ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது, பென்சிலுக்குத்தான் ஓடத் தெரியவில்லை. அடுத்த வியாழக்கிழமை அவள் கூடையைக் கீழே வைப்பதற்குள் நான் முந்திக்கொள்ளவேண்டும். அவள் வாயை அடைத்தேனா இல்லையா என்பதை அன்று சாயங்காலமே, மூட்டையை இறக்கிவைத்த கையோடு, இங்கே வந்து எழுதிவிடுகிறேன்.