கபடி இல்லாத சனிக்கிழமை

மும்பை
4-6-2026

அன்புள்ள அக்காவுக்கு,

பரத்வாஜின் நமஸ்காரம். போனில் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் பேச முடிவதில்லை, அதற்குள் யாராவது அறைக்குள் வந்துவிடுகிறார்கள். அதனால் இந்தக் கடிதம். என்னைச் சேனலின் விளையாட்டுப் பிரிவுக்குத் தலைவனாக்கிவிட்டார்கள். மைசூரில் பள்ளிக்கூட ஹாக்கிக்கு ஸ்கோர் எழுதிக் கொடுத்தவனுக்கு இது பெரிய இடம்தான். கபடித் தொடரில் எந்த மேட்ச் என்றைக்கு என்பது இனி என் கையெழுத்தில் முடிவாகிறது. முதல் வேலையாக ஆகஸ்டு ஒன்று, சனிக்கிழமையைக் காலியாக விட்டேன். அம்மா போன நாள். நாடு முழுக்க அன்று கபடி கிடையாது. வந்து திவசத்தை நிறைவாகச் செய்கிறேன்.

உன் பரத்


தேவராஜ மொஹல்லா, மைசூர்
12-6-2026

சிரஞ்சீவி பரத்துக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். பதவிச் செய்தியைப் படித்துவிட்டு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பால்காரரிடம் சொன்னேன். "ஒள்ளேதாய்த்தம்மா", நல்லதாயிற்று என்று கன்னடத்தில் சந்தோஷப்பட்டார்.

அட மண்டு, திவசம் இங்கிலீஷ் தேதியிலா வரும்? ஆடி மாதம் தேய்பிறை துவாதசியில் அல்லவா வரும். போன வருஷம் ஜூலை இருபத்தொன்றில் வந்தது, ஓடி வந்தாயே. இந்த வருஷம் ஆகஸ்டு ஒன்பது, ஞாயிறு. சாஸ்திரிகளிடமும் கேட்டுவிட்டேன். நான் பெண், உட்கார்ந்து செய்ய முடியாது. பிள்ளை நீதான் செய்ய வேண்டும். அட்டவணை உன் கையில்தானே, மாற்றிவிடு. வந்தால் இரண்டு நாள் தங்கு. இந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசி மாதக் கணக்காகிறது.

கனகலக்ஷ்மி


மும்பை
3-7-2026

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். ஒன்பதாம் தேதிதான் இறுதிப் போட்டி. டிக்கெட், விளம்பரம் எல்லாம் வெளியே போய்விட்டது. வேறு யாராவது போட்ட தேதியென்றால் சண்டை போட்டு மாற்றியிருப்பேன். நானே போட்டதை நானே மாற்றினால் முதல் வருஷமே பெயர் கெட்டுவிடும். ஒன்றாம் தேதியே செய்துவிட வழியுண்டா என்று சாஸ்திரிகளைக் கேளேன். கோபித்துக்கொள்ளாதே.

பரத்


மைசூர்
10-8-2026

சிரஞ்சீவி பரத்துக்கு,

சாஸ்திரிகள் ஒன்றாம் தேதிக்கு ஒப்பவில்லை என்று எழுதியிருந்தேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. ஒன்றாம் தேதி டிவியைப் போட்டுப் பார்த்தேன், கபடி இல்லை. அது அம்மாவுக்காக என்பது இந்த ஊரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

நேற்றுத் திவசம் நடந்தது. தர்ப்பையைச் சாஸ்திரிகள் கையில் கொடுத்து, எனக்குப் பதிலாக நீங்களே செய்யுங்கள் என்றேன். "பிள்ளை இல்லாதவா ஆத்துலதான் இப்படிப் பண்றது வழக்கம். யோசிச்சுச் சொல்லு, கனகா" என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் இறுதிப் போட்டி பார்த்தேன். கோப்பை கொடுக்கும் மேடையில் நீ ஓரமாக நின்றாய். தலை நரைத்து, அசல் அம்மா முகம் வந்துவிட்டது உனக்கு. அதைச் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை.

அடுத்த வருஷமும் இப்படியே செய்துவிடுவதாகச் சாஸ்திரிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார். இனி உனக்குத் திதி எழுத மாட்டேன்.

ஆசீர்வாதம்.
கனகலக்ஷ்மி