ஓட்டையுள்ள மூடி

இஞ்சாருங்கோ,

முதல் பஸ்ஸிலை வவுனியாவுக்குப் போறன். குசினியிலை புட்டு மூடிவைச்சிருக்கு.

நான் ஏறினால் கார் நிக்குது, என்ரை ராசி சரியில்லையெண்டு நேற்று மாமிக்கு முன்னாலை சொன்னியள். பெற்றோல் தாங்கி மூடியிலையிருந்த சின்ன ஓட்டையைப் பழுதெண்டு நினைச்சு நீங்கள் ஈயத்தாலை அடைச்ச நாளிலையிருந்துதான் அது நிக்குது. பால் ரின்னுக்கும் இரண்டு ஓட்டை போட்டால்தானே பால் வரும்? காத்து உள்ளுக்குப் போனால்தான் பெற்றோலும் எஞ்சினுக்கு வரும். அடைச்ச மூடியை அளவுக்குக் கொண்டுபோறன். அதேபோலை, ஓட்டையோடை ஒண்டு வாங்கி வாறன்.

பக்கத்து வீட்டுத் தில்லைநாதன் அண்ணை வந்தால், நீங்கள் அவரிட்டை வாங்கின ஈயத்திலை மிச்சத்தைத் திருப்பிக் குடுங்கோ. இனித் தேவைப்படாது.

கமலாசனி

புட்டுக்குச் சம்பல் உறியிலை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நான் முன்சீற்றிலைதான் வருவன். கார் நிண்டால் பிறகு என்ரை ராசியைக் கதையுங்கோ.